சின்னத் தீ

உலையின் வாய்க்குள் வலது கையைத் தோள்வரை விட்டு, உள்பூச்சின் அடிப்பக்கத்தை அவள் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து பட்டறை வாசலில் நின்றாள்.

"அம்மா, அப்பா கேக்குறார்."

"என்னவாம்?"

"அதேதான். பத்த வச்சாச்சான்னு."

அவள் கையை வெளியே எடுத்தாள். விரல்நுனிகளில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருந்தது. நேற்று சாயங்காலம்தான் நெருப்புமண்ணைக் குழைத்து, பழைய பெயிண்ட் டப்பா ஒன்றை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் கட்டையால் இடித்து இடித்து நிரப்பியிருந்தாள். காலையில் டப்பாவை உருவியபோது பூச்சு சரியாமல் நின்றது. நின்றதே பெரிய காரியம். காய வேண்டியதெல்லாம் இனிமேல்தான்.

"கேஸ் ரெகுலேட்டர் வாங்க ஆள் போயிருக்குன்னு சொல்லு."

"அது போன வாரம் சொன்னது. நேத்து ட்யூப் சரியில்லன்னு சொன்னோம்."

"அப்ப வேற ஏதாவது சொல்லு. நீ படிச்சவதானே?"

"பொய் சொல்ல எந்தக் கிளாஸ்லம்மா சொல்லித் தர்றாங்க?" என்றாள் மகள். சிரிக்கத்தான் பார்த்தாள். பாதியிலேயே உதடு கோணிக்கொண்டது. "நர்ஸ் வந்துட்டுப் போயிட்டாங்க. வரவேண்டியவங்களை எல்லாம் இன்னைக்கே வரச் சொல்லிடுங்கன்னாங்க. சித்தப்பாவுக்குப் போன் பண்ணிட்டேன்."

அவள் சேற்றை வாளித் தண்ணீரில் ஒவ்வொரு விரலாகக் கழுவினாள்.

அவள் புருஷன் பித்தளை வார்ப்பவர். குழாய், தாழ்ப்பாள், கதவுக் கைப்பிடி என்று எது வார்த்தாலும் ஆறியதும் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக் காதருகே பிடிப்பார். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் அவருக்குக் கேட்டுவிடும். தெருவில் அவர் பெயரே யாருக்கும் நினைவில் இல்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். அவள் காதுக்காரர் வீட்டம்மா.

அவருடைய கரி உலை அவளை வருஷக்கணக்காக இரும வைத்தது. "உனக்கு ஒரு கேஸ் உலை வாங்கிப் போடணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சிலருக்கு நகை வாங்கித் தருவதாகச் சொல்லும் புருஷன் வாய்ப்பான், எனக்கு உலை என்பாள் அவள். கடைசியில், நோய் வயிற்றில் என்று தெரிந்து ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து முடித்த பிறகு, ஒரு நாள் திடீரென்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பழைய இயந்திரங்கள் விற்கும் வியாபாரியின் கொட்டகையில் ஓர் உலை கிடக்கிறதாம். அவளும் கூடப் போனாள்.

அந்த நாளை அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாகிவிட்டது.

உலையின் இரும்புக் கூட்டில் துரு ஏறியிருந்தது. அது மேல்துரு, தேய்த்தால் போய்விடும். மூடியின் கீல் ஆடவில்லை. பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. அதைப் பார்த்து அவர் சிரித்தார். "குடித்தனம் இருக்காங்க, காலி பண்ணச் சொல்லணும்." பிறகு குந்தி உட்கார்ந்து, தலையை உலைக்குள் விட்டு, பூச்சைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். நல்ல பூச்சு கணீரென்று சொல்லும். உட்புறம் பெயர்ந்து நின்றால் பொத்தென்று சொல்லும்.

மூன்று பக்கம் கணீரென்றது. நாலாவது பக்கம் சுரைக்காயைத் தட்டியதுபோல் பொத், பொத் என்றது.

அவர் தலையை வெளியே எடுத்தார். முகமெல்லாம் தூசி. கண்ணில் அப்படியொரு வெளிச்சம். "கேட்டியா? மணி மாதிரி இருக்கு. சுத்திலும் ஒரே சத்தம்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பழுது உலையில் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்து காதை மந்தமாக்கலாம் என்று யாரோ சொன்னது அன்று காதில் விழுந்தும் மனதில் விழவில்லை. கொஞ்ச நாளாக அவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்துப் பேசுகிறார். "இத்தனை வருஷம் இல்லாத ஆசை இப்ப என்ன?" என்று அவள்கூடக் கிண்டல் செய்திருந்தாள். அவர் பார்த்தது முகத்தையல்ல, உதட்டை.

வியாபாரி அவளைப் பார்த்தார். அவருக்கும் கேட்டிருந்தது. சொல்லப்போகிறாளா என்று காத்திருந்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "நல்லாத்தான் இருக்கு."

உலை வீட்டுக்கு வந்தது. கட்டிலில் செய்தித்தாளை விரித்து அவரே பர்னரைப் பிரித்துத் துடைத்தார். கேஸ் வரும் ஊசித் துளையை மெல்லிய கம்பியால் குத்தி, "பெருசாக்கிடக் கூடாது, பெருசானா தீ புகையும்" என்று மகளுக்கும் காட்டினார். ட்யூபில் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை குமிழி விடுகிறதா என்று பார்த்தார். எல்லாம் முடிந்த அன்று படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

அவர் படுத்திருந்த அறைக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் பழைய பூச்சை உளிவைத்து உடைத்தாள். நாலாவது பக்கத்தில் மேலே ஒரு விரல்கனத்துக்குத் தோல்போலப் பூசியிருந்தார்கள். உள்ளே வெறும் பொடி. அவர் தூங்கும் நேரம் பார்த்து நாலு தட்டு, மருந்தில் மயங்கும் நேரம் பார்த்து நாலு தட்டு. "என்ன சத்தம்?" என்று ஒரு தடவை கேட்டார். "பக்கத்து வீட்டுல குழாய் வேலை" என்றாள். அவர் தலையாட்டினார். சோறு ஊட்டவும் துணி மாற்றவும் மருந்துக் கடைக்கு ஓடவுமாக நாட்கள் போய், மண் குழைப்பது நேற்று வரை தள்ளிப்போயிற்று.

அவர் உலகத்தில் இல்லாமல் போகும்போது காதுக்காரராகவே போகவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கொழுந்தன் வேனை வாசலில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். அண்ணனைப் பார்த்துவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்தார். மூக்கு சிவந்திருந்தது.

"அண்ணி, அந்த உலையைக் கொஞ்சம் பத்த வையுங்க. சத்தம் கேக்கணும்னு சொல்றார்."

"பச்சை மண்ணு தம்பி. இப்ப முழுத் தீ வச்சா உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி, பூச்சைப் பிச்சுக்கிட்டு வெளிய வரும். சின்னத் தீயிலதான் நாள் கணக்கா காய வைக்கணும்."

"வெடிச்சா வெடிச்சுட்டுப் போவுது. அண்ணனைவிட அடுப்பா பெருசு?"

அவள் உலையைப் பார்த்தாள். நேற்று கை கொப்பளிக்க இடித்த பூச்சு, வாய்விளிம்பில் அவள் விரல்தடம்கூடக் கலையாமல் இருந்தது.

"தள்ளி நில்லுங்க" என்றாள்.

பர்னரைப் பொருத்தி, சிலிண்டரைத் திறந்து, தீயைக் காட்டினாள். நீலமாக நக்கிய தீ, காற்று ஊதும் ப்ளோயரைப் போட்டதும் உறுமியது. கேஸைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. உலையின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குத் தீ எழுந்து நின்றது. பழைய இரும்புத் தகடு ஒன்றை முன்னால் பிடித்துக்கொண்டு அவள் அதன் பின்னால் நின்றாள். இத்தனை அழகான சத்தம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மகள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். "அம்மா, அப்பா கையைச் சுவத்துல வச்சிருக்கார். கேக்குதாம். கேக்குதுன்னு சொல்றார்!"

அப்போது 'டப்' என்றது. கடலை வெடித்ததுபோல ஒரு சின்னச் சத்தம். தீயின் உறுமலில் பக்கத்தில் நின்ற கொழுந்தனுக்கே கேட்கவில்லை. இன்னொன்று. மூன்றாவது கொஞ்சம் பெரியது. தகட்டில் சில்லு ஒன்று வந்து மோதி விழுந்தது. அவள் கை கேஸின் திருகில் இருந்தது. திருகவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்கட்டும்.

உள்ளே போன மகள் திரும்பி வந்தாள். இந்தத் தடவை அவள் முகம் வேறுமாதிரி இருந்தது.

"குறைக்கச் சொல்றார்மா. ஈரம்ங்கிறார்."

அவள் திருகைக் குறைத்தாள். உறுமல் அடங்கி, பூனை படுத்துக்கொண்டு செய்யும் சத்தம்போல ஆனது.

அறையில் அவர் இன்னும் உள்ளங்கையைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. நாள்கணக்காக அதே இடத்தில் கை வைத்து வைத்துச் சுண்ணாம்பில் ஒரு கறை விழுந்திருந்தது. அவள் அதை இப்போதுதான் பார்த்தாள். அவர் அவள் உதட்டைப் பார்க்கும்படியாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பப் பூசின?" என்றார். மூச்சு ஒவ்வொரு சொல்லுக்கும் தனியாக வந்தது.

"நேத்து."

"நேத்தா? போன வாரமே முடிச்சிருப்பேன்னு நெனச்சேன்." கொஞ்சம் ஓய்ந்தார். "நான் கேட்டேன்னு பச்சை மண்ணுல பத்த வச்சியா? பைத்தியம்."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "பூசினது உங்களுக்கு..."

"பக்கத்து வீட்டுக் குழாயை இத்தனை நாளா உடைச்சியேடி" என்றார். உதட்டின் ஒரு ஓரம் மேலே போயிற்று. "அவங்க வீட்டுல தண்ணி வருதா இப்ப?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"கேட்டுச்சா?"

"காதுல இல்ல." சுவரில் இருந்த விரல்கள் லேசாக அசைந்தன. "அன்னைக்குத் தட்டினப்ப எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்துச்சு. நல்ல உலைன்னு நெனச்சேன். எல்லாமே எனக்கு ஒரே மாதிரி ஆயிடுச்சுன்னு வீட்டுக்கு வந்து உளிச் சத்தம் கையில பட்டப்புறம்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீதான் அவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறியே. கெடுப்பானேன்."

அவள் அவருடைய மற்ற கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதில் கனமே இல்லை.

"சின்னத் தீ" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "அவசரப்படாத. மேல பிடிக்கிற மூடி வேர்க்கிறது நிக்கிற வரைக்கும் கூட்டாத."

"சரி."

"எவ்வளவு பேந்துச்சுன்னு பாத்துட்டு வா."

"அப்புறம் பாக்கலாம்."

"போய்ப் பாரு. எனக்குத் தெரியணும்."

அவள் எழுந்து போனாள். வாய்விளிம்புக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குச் செதில் பெயர்ந்திருந்தது. அவ்வளவுதான். மண் வைத்து ஒட்டிவிடலாம். அவளுக்கே நம்பமுடியவில்லை. ஆணியில் தொங்கிய எவர்சில்வர் மூடியை எடுத்து உலையின் வாய்க்கு மேலே, தீ படாத உயரத்தில் பிடித்தாள். கரி உலைக்குப் பூச்சு மாற்றும்போதெல்லாம், மண்ணில் ஈரம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க அவர் செய்வது. குளிர்ந்த மூடி உடனே மங்கிப்போய், முத்து முத்தாக வேர்த்தது. காட்டினால் சிரிப்பார் என்று, மூடியை இரண்டு கையாலும் தட்டுபோல ஏந்திக்கொண்டு, தண்ணீர் சிந்தாமல் நடந்தாள்.

"கொஞ்சம்தாங்க போச்சு. கை அளவுதான். இதப் பாருங்க, குடம் குடமா வேர்க்குது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள்.

அவர் கை சுவரிலிருந்து வழுக்கிப் படுக்கையில் கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் அண்ணன் தூங்குகிறார் என்று நினைத்து விசிறிக்கொண்டிருந்தார்.

அவள் மூடியின் ஈரத்தை முந்தானையில் ஒற்றிவிட்டு, குனிந்து அதை அவர் மூக்கருகே பிடித்தாள். மங்கவில்லை. மூடி சூடாக இருக்கிறது, சூடான மூடி மங்காது என்று உடனே தோன்றியது. பானைத் தண்ணீரில் முக்கினாள். முந்தானையால் ஈரம் போகத் துடைத்தாள். மறுபடி பிடித்தாள். அதில் ஜன்னல் தெரிந்தது. ஜன்னல் கம்பிகள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

"அண்ணி" என்றார் கொழுந்தன். விசிறி நின்றுவிட்டது. "அண்ணி, போதும் அண்ணி."

அவள் மூன்றாம் தடவையும் பானைக்குள் மூடியை முக்கினாள்.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்தது. வாடகை நாற்காலிகள் தெருவரை போயின. வார்ப்புக்காரர்கள், குழாய்க் கடைக்காரர்கள், அவர் தட்டிப் பார்த்துத் திருப்பியனுப்பியதால் திட்டிக்கொண்டே திரும்ப வார்த்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். அவள் சுவருக்கும் அவர் தலைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவ்வப்போது எழுந்து பட்டறைக்குப் போனாள். தீயைக் குனிந்து பார்த்தாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க போய்ட்டு போய்ட்டு வருது இந்தம்மா?" என்றாள் ஒருத்தி மெல்ல.

"அடுப்பு எரியுதாம்."

"இன்னைக்குமா?"

கொழுந்தன் அவள் பக்கத்தில் வந்து குனிந்தார். "அண்ணி, சிலிண்டரை மூடிடவா? நாலு பேர் நாலு விதமா பேசுறாங்க."

"பேசட்டும். நாலு பேருக்கும் பொழுது போகணும்ல" என்றாள். குரல் சாதாரணமாக வந்தது. "பாதியில நிறுத்தினா வெடிப்பு விழும். அவர் சொன்ன தீ. எரியட்டும்."

கொழுந்தன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார்.

தூக்கும் நேரம் வந்தபோதுதான் அவளுக்குப் புதுக் கவலை வந்தது. தானும் கூடப் போய்விட்டால் தீக்கு யார்? பட்டறை வாசலில் ஓர் ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றிருந்தார். உலையை விற்ற வியாபாரி.

"நான் பாத்துக்கறேம்மா" என்றார். உலைக்குள் எட்டிப் பார்த்தார். புதுப் பூச்சைப் பார்த்ததும் தலை தானாகக் கவிழ்ந்தது. "அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற உலையைக் காட்டியிருப்பேன்."

"தெரியும்."

"அவர் காது..."

"தீயைக் கூட்டிடாதீங்க" என்றாள். "சின்னதாவே இருக்கட்டும்."

வியாபாரி முக்காலியை இழுத்துப் போட்டு, தீக்கு எதிரில் வாத்தியாருக்கு முன்னால் உட்கார்ந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். அவர்கள் போய், எல்லாம் முடித்துத் திரும்பி வந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. தீ அவள் விட்டுப்போன அதே உயரத்தில் இருந்தது.

அடுத்து வந்த நாட்களில் நாற்காலிகள் திரும்பிப் போயின. கட்டிலைக் கழற்றி வைத்துவிடலாமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றாள். படுத்தால் முதுகுக்குச் சுவர் இளஞ்சூடாக இருந்தது. மகளும் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டாள். கறை விழுந்த இடத்தின்மேல் இரண்டு பேருமே கை வைக்கவில்லை. அதை ஒட்டி வைத்தார்கள்.

பெயர்ந்த இடத்தில் மண் வைத்து ஒட்டினாள். பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. மூடியில் முதலில் முத்தாக நின்றது, பிறகு புகைபோலப் படிந்தது, பிறகு ஓரத்தில் மட்டும் மெல்லிதாக.

கொழுந்தன் பித்தளைக் கழிவை ஒரு மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "எப்ப உருக்கலாம் அண்ணி?" என்று கேட்டுவிட்டுப் போன அன்று காலை, அவள் மூடியை ஆணியிலிருந்து எடுத்து உலையின் வாய்க்கு மேலே பிடித்தாள். எதுவும் படியவில்லை. கொட்டகைத் தகரத்தில் இருந்த ஓட்டை, அதன் வழியாக வந்த வெளிச்சம், எல்லாம் மூடியில் சுத்தமாகத் தெரிந்தன.

இனி தீயைக் கூட்டலாம்.

அவள் வாளியில் மூடியை முக்கினாள். முந்தானையால் துடைத்தாள். மறுபடி பிடித்தாள்.

"காஞ்சிடுச்சாம்மா?" என்று வாசலிலிருந்து மகள் கேட்டாள்.

அவள் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றாள். "இன்னும் கொஞ்சம் இருக்கு."

மகள் அருகே வந்து எட்டிப் பார்த்தாள். தெளிந்த மூடியில் இரண்டு முகங்கள் தெரிந்தன. மகள் வாளியைத் தூக்கிப்போய்ப் புதுத் தண்ணீர் பிடித்துக்கொண்டுவந்து அம்மாவின் பக்கத்தில் வைத்தாள்.